வீடு வாங்க நாள் பார்ப்போருக்கு

சித்திரை பிறந்துவிட்டால் நம் ஜனங்களுக்கு வீடு வாங்கும் எண்ணமும் பிறந்துவிடுகின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை; வெளியூரிலிருக்கும் மகனும் வந்திருப்பான். ஆகவே கோடையில் வீடு பார்ப்பதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் நமது கேள்வி.

முதலில் பஞ்சாங்கம். பிறகு வாசல் எந்தத் திசை என்பது. முகூர்த்த நாட்களில் பத்திரப் பதிவு இலாகாவே கூடுதல் டோக்கன் கொடுப்பதாக அறிவிக்கின்றதென்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதென்ன? மே மாதத்தில் அக்கினி நட்சத்திரம் வந்துவிட்டால் வீட்டுக் காரியமே கூடாதென்கிறார்கள். நாம் சொல்லுகின்றோம், வீட்டைப் பரீட்சிக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. கிணற்றிலும் ஆழ்துளைக் குழாயிலும் தண்ணீர் உண்டா இல்லையா என்கிற உண்மை அப்போதுதான் வெளிப்படும். மாடி வீடானால் பகல் மூன்று மணிக்குப் போய் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வாஸ்து சொல்லாததைக் கை சொல்லிவிடும்.

ஆனால் கோடை மறைக்கின்ற சங்கதி ஒன்றுண்டு. சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் 2019ஆம் வருஷக் கோடையில் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதே பட்டணத்தில்தான் 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடியும் மூழ்கின. மே மாதத்தில் வெடித்துக் கிடக்கும் தரையைப் பார்த்து, அது ஏரியா மேடா என்று எப்படித் தெரியும்?

வில்லங்கச் சான்று சுத்தமாயிருக்கிறதே என்பார்கள். அதில் பதிவான பத்திரங்களின் கதைதான் இருக்குமேயொழிய, தண்ணீர் வந்த கதை இராது. பதிவாகாத உயிலும் அதில் வராது. கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் வாங்கிப் பார்த்தால், அந்த நிலம் ஏரியா, வாய்க்காலா, புறம்போக்கா என்பது தெரியும். ஜாதகம் பார்க்கக் கொடுக்கும் தட்சணையில் ஒரு பங்கைக்கூட இதற்குச் செலவிட நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை!

நமது யோசனை இது. கத்திரியில் ஒரு முறை பாருங்கள். ஆடி மாதம் வாங்குவோர் குறைவு. பேரம் பேச அதுவே நல்ல மாதம், மூடத்தனம் ஊருக்கு நஷ்டமானாலும் உங்களுக்கு லாபமாகட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

அதுவரை பொறுக்க முடியாதென்கிறவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போய், மழை நாளில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறிற்று என்று விசாரிக்கட்டும். வாடகைக்குக் குடியிருப்பவரைக் கேட்பதே மேல். சொந்தக்காரர் தம் வீட்டின் விலையும் இறங்கிவிடுமே என்று மறைத்தாலும் மறைப்பார்.