சிறு வீட்டில் நால்வர்



இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட நூலை இரண்டே இரவுகளில் படித்து முடித்தோம். மூன்றாம் நாள் வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஜெர்ரி பின்டோ ஆங்கிலத்தில் எழுதி 2012-இல் வெளிவந்த ‘எம் அண்ட் தி பிக் ஹூம்’ என்னும் நாவல் அது. 2016-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. பம்பாய் மாகிமில், ஒரேயொரு படுக்கையறை கொண்ட சிறு வீட்டில் வாழும் கோவாக் கத்தோலிக்கக் குடும்பத்தின் கதை. தாய் இமெல்டாவைப் பிள்ளைகள் ‘எம்’ என்றும், தந்தை அகஸ்டினைப் ‘பெரிய ஹூம்’ என்றும் அழைக்கின்றனர். மகள் சூசன். பெயர் சொல்லப்படாத மகனே நமக்குக் கதை கூறுகிறான்.

தாய்க்கு மனநோய். சில நாட்கள் ஓயாத பேச்சு, சிரிப்பு, பீடிப் புகை. பிறகு இருள் கவிகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிகிறாள். அச்சிறு வீட்டில் எதையும் மறைத்துவைக்க இடமில்லை. பிள்ளைகள் எல்லாவற்றையும் கண்டே வளர்கின்றனர். இந்நோய் தன்னையும் ஒருநாள் பற்றுமோ என்று மகன் அஞ்சும் பக்கங்களில் நூலை மூடி வைத்துவிட்டோம். சற்று நேரங்கழித்தே தொடர முடிந்தது.

நம் காஞ்சிபுரத்து நெசவாளர் இல்லங்களை வாசகர் அறிவர். வீட்டின் பெரும்பகுதியைத் தறியே பிடித்துக்கொள்ளும். கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதாது. கரைக்கு நாடா எறிய மற்றொருவர் பக்கத்தில் அமர வேண்டும். பல வீடுகளில் அது மனைவியோ பிள்ளையோ. அவருள் ஒருவர் மனந்தளர்ந்து எழாமற்போனால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். ஆயினும் அண்டை வீட்டார் வினவினால், “உடம்பு சரியில்லை” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காரணம் நாமெல்லாரும் அறிந்ததே: வீட்டில் மணமாக வேண்டிய பெண் இருப்பாள்.

அத்தகைய வீட்டில் பிறந்து கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி இந்நூலை நம்மிடம் இரவல் பெற்றுச் சென்றாள். திருப்பித் தந்தபோது அவள் கேட்டது ஒன்றே: “அந்தப் பையன் அம்மாவிடம் சலித்துக்கொள்கிறானே, கோபப்படுகிறானே, அது பாவமில்லையா, ஐயா?” அவள் யாரைக் குறித்துக் கேட்கிறாள் என்பது நமக்கு விளங்கிற்று. பாவமில்லை, அம்மா, என்றோம். ஆண்டுக்கணக்கில் இரவில் உறங்காமல் தாயைக் காவல் காக்கும் பிள்ளை சலிப்பது இயல்பு. சலித்த பின்னும் அவன் மருத்துவமனைக்கு உடன் செல்கிறான். அதையும் பார், என்றோம். அவள் நெடுநேரம் அழுதாள். நாம் வேறொன்றும் சொல்லவில்லை.

நூலில் குறையில்லாமலில்லை. பெற்றோரின் பழைய கடிதங்கள் நிறைந்த பகுதி சற்றே நீளம். தாயின் பேச்சுக்கு வாய்ப்பூட்டு கிடையாது; ஆதலால் சிறுவர் கையில் தருதல் தகாது, கல்லூரி வயதினர் படிக்கலாம். பெரிய ஹூம் பெரும்பாலும் மௌனியாகவே இருப்பது நம்மை வருத்தியது. அவருடைய களைப்பை யார் கேட்டார்?

தற்கொலை செய்துகொண்டோர் விஷயத்தில் திருச்சபையே தன் கடுமையைத் தளர்த்தியிருக்கிறது. வேண்டுமென்றே உயிரைப் போக்கிக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் மறுக்க 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு விதித்தது; 1983-இன் தொகுப்பில் அவ்விதி இல்லை. கடும் மனக்குலைவு ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992-இன் மறைக்கல்வி நூல் கூறுகிறது. சட்டம் மாறிய பின்னும் ஊர்ப்பேச்சு மாறாதிருப்பது நம் வெட்கம்.

இந்நாவலைப் படித்த பலர் தத்தம் வீட்டுக் கதைகளைப் பின்டோவிடம் சொல்ல முன்வந்தனர். அவ்வாறு உண்மைக் குடும்பங்கள் எழுதிய அனுபவங்களை அவர் 2016-இல் ‘எ புக் ஆஃப் லைட்’ என்ற தொகுப்பாக வெளியிட்டார். ஒரு வீடு வாய் திறந்ததும் பல வீடுகள் திறந்தன.

இதைப் படிப்போரில் எவரேனும் இன்றிரவு தனித்து விழித்திருந்தால், 14416 என்ற எண்ணைச் சுழற்றுக. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் இலவசச் சேவை அது, தமிழிலேயே பேசலாம். நோயாளி மட்டுமன்று, அவரைப் பார்த்துக்கொள்பவரும் அழைக்கலாம். அப்பெண்ணுக்கும் இவ்வெண்ணை எழுதிக் கொடுத்தோம். தன் தந்தைக்கு மற்றொரு பிரதி கேட்டு வாங்கிச் சென்றாள்.