வாட் கணக்கு வேண்டாம். வார்த்தை கேட்டால் போதும்

தசரா நெருங்கினால் மாதச் சம்பளக்காரர் வீடுகளில் போனஸ் பேச்சு வந்துவிடும். ரயில்வே ஊழியர்களுக்கு 2024-ல் கிடைத்தது 78 நாள் சம்பளம். பெயருக்குத்தான் 78 நாள். மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுவதால், கைக்கு வந்தது அதிகபட்சம் 17,951 ரூபாய்.

அந்தப் பணத்துக்கு ஆயிரம் வேலை காத்திருக்கும். ஊருக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும். சீட்டு பாக்கி கட்ட வேண்டும். அதிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்து, "வீட்டில் பாட்டுக் கேட்க நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கலாம்" என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் உண்டு.

இதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. தாராவியிலும் செம்பூரிலும் முல்லுண்டிலும் குடியிருக்கும் தமிழர், பகல் முழுவதும் இந்தியும் மராத்தியும் பேசிவிட்டு வீடு திரும்புகிறார். தமிழ் அவர் காதில் நிம்மதியாக விழும் இடம் வீடு ஒன்றுதான். பள்ளியில் வேறு மொழியில் படிக்கும் பிள்ளைக்கோ, பல தமிழ்ச் சொற்கள் பாட்டு வழியாகத்தான் வந்து சேருகின்றன.

ஆனால், கடையிலிருந்து வீட்டுக்கு வந்து சேருவது என்ன?

இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி. முன்னால் மினுக்கும் வண்ண விளக்கு. அட்டையில் கொட்டை எழுத்தில் "5,000 வாட்". பாட்டுப் போட்டால் தரை அதிர்கிறது. பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் விளங்கவில்லை.

சிறிய வீட்டுக்கு ஏற்றவை, புத்தக அலமாரியில் அடங்குகிற இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள்தான். அவற்றை வாங்கும்போதும் வாட்டைப் பார்த்து மயங்கக் கூடாது. வார்த்தை தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்து இஸ்திரிப் பெட்டி!

வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண பிளக் 6 ஆம்பியர். மின்சாரம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட். அதற்கு மேல் அந்த பிளக்கிலிருந்து எடுக்கக் கூடாது. அப்படியிருக்க, 5,000 வாட் எங்கிருந்து வரும்? துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்றுக்கு 1,000 வாட் என்றால், ஐந்து பெட்டிக்கு வேண்டிய மின்சாரம் அது!

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "பி.எம்.பி.ஓ." என்று இருக்கும். கண் இமைக்கும் நேரம்கூட நிலைக்காத உச்ச அளவைக் காட்டும் கணக்கு அது. அதை அளப்பதற்குப் பொது விதி கிடையாது. கம்பெனிக்கு ஒரு கணக்கு. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது "ஆர்.எம்.எஸ்." என்று போட்டிருக்கும் எண்ணை. தொடர்ந்து எவ்வளவு சக்தி கிடைக்கும் என்பதை அதுதான் சொல்லும்.

அந்த எண்ணும் பெரிதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சின்ன ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால், 1 மீட்டர் தூரத்தில் சுமார் 84 முதல் 88 டெசிபல் வரை சத்தம் வரும். இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவுதான். ஒரே வாட்டில் இவ்வளவு! இன்னொரு விஷயமும் உண்டு. வாட்டை 10 மடங்கு ஏற்றினால்தான் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரியும். ஆகவே 10-க்கு 12 அடி அறைக்குப் பெட்டி ஒன்றுக்கு உண்மையான 20 வாட் தாராளம்.

உதாரணத்துக்கு, எடிஃபயர் ஆர் 1280 டி என்ற சீனத் தயாரிப்பு. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 42 வாட். ஒவ்வொன்றிலும் 4 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, கூர்மையான ஓசைக்குச் சின்ன ட்வீட்டர் ஒன்று. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பதால் தனியாக வாங்க வேண்டியதில்லை. "42 வாட்தானா?" என்று கடைக்கார சேட் உதட்டைப் பிதுக்கலாம். பிதுக்கட்டும்! இந்த வகை ஜோடிகளுக்கு சுமார் 8,000 முதல் 15,000 ரூபாய் வரை ஆகும். போனஸில் பாதிக்கு மேல் இதற்குப் போகாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

சின்னப் பெட்டி, பெரிய வேலை

பெரிய பெட்டிதான் நன்றாகப் பாடும் என்பது பழைய நம்பிக்கை. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர், காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டியிலும் ஆழ்ந்த பேஸ் ஓசையைக் கொண்டுவரலாம் என்று செய்து காட்டினார். அலமாரி ஸ்பீக்கர் வீடுகளுக்குள் வந்தது அதன் பிறகுதான்.

1970-களில் பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம், ஒலிபரப்பு வேனுக்குள் வைத்து ஒலியைச் சரிபார்க்க ஒரு சின்ன ஸ்பீக்கரைத் தயாரித்தது. எல்.எஸ். 3/5 ஏ என்று பெயர். உயரம் ஓர் அடிதான். அதன் பொறியாளர்கள் பேச்சுக் குரலை முக்கியமான உரைகல்லாக வைத்துக்கொண்டார்கள். ஆள் பேசுவதை நேரில் கேட்பது, அதே பேச்சை ஸ்பீக்கரில் கேட்பது, இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது. அந்தப் பெட்டியில் நில நடுக்கம் வராது. ஆனால் மனிதக் குரல் மனிதக் குரலாகவே வரும். அதனால்தான் இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்பீக்கர் தொழிலில் ஒரு விதி உண்டு. சின்னப் பெட்டி, ஆழ்ந்த பேஸ், குறைந்த வாட்டில் அதிக சத்தம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்காது. இரண்டு வேண்டுமானால் மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். மலிவு விலைப் பெட்டி ஒன்று மூன்றையும் தருவதாகச் சொன்னால், எங்கேயோ பொய் இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அந்தப் பொய் பேஸில் இருக்கும். ஆழம் இல்லாமல், ஒரே சுருதியில் "பூம் பூம்" என்று முழங்கும்.

காதே தராசு

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லேமிங்டன் ரோடு போனால் ஸ்பீக்கர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடைக்காரர் போடுவது அவருக்குச் சாதகமான பாட்டாகத்தான் இருக்கும். அதைக் கேட்டுத் தீர்மானிக்கக் கூடாது. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளைக் கைப்பேசியில் கொண்டுபோக வேண்டும். நான்கு சோதனைகள் போதும்.

முதலாவது, பேச்சு. செய்தி வாசிப்பதையோ சொற்பொழிவையோ போட்டுப் பார்க்கலாம். ல, ள, ழ மூன்றும் பிரிந்து கேட்க வேண்டும். "ச" சீறக் கூடாது. வார்த்தையைத் தெளிவாக்கும் ஓசை பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. பூம் ஓசையோ 100 ஹெர்ட்ஸை ஒட்டிக் கீழே கிடப்பது. கீழே கிடப்பதை அளவுக்கு மீறி ஏற்றினால் மேலே இருப்பதை மூடிவிடும்.

இரண்டாவது, பழைய பாட்டு. 1960-களில் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய சினிமாப் பாட்டுகள் மோனோ ஒலிப்பதிவு. அவற்றைப் போட்டுவிட்டு இரண்டு பெட்டிக்கும் நேர் நடுவில் உட்கார்ந்தால், குரல் நடுவிலிருந்து வர வேண்டும். அப்படி வராமல் இங்கும் அங்கும் சிதறினால், பெட்டிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அல்லது ஒரு பெட்டிக்கு சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருக்கிறது.

மூன்றாவது, மிருதங்கம். தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தொப்பியில் அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி "தொம்" என்று கேட்டால், அது மிருதங்கத்தின் குரல் அல்ல, பெட்டியின் குரல். சயான் ஷண்முகானந்தா அரங்கத்தில் ஒரு கச்சேரியை நேரில் கேட்டுவிட்டுப் போகிறவரை எந்தக் கடைக்காரரும் ஏமாற்ற முடியாது.

நான்காவது, சத்தத்தைக் குறைத்துக் கேட்பது. இதைத்தான் யாரும் செய்வதில்லை. இரவில் பிள்ளை தூங்கும்போது கேட்கும் அளவுக்குக் குறைத்த பிறகும் வார்த்தை புரிகிறதா? புரிந்தால் அது நல்ல ஸ்பீக்கர்.

சோர் பஜாரில் பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள், கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். நுரைப்பஞ்சு வளையம் மும்பை மழைக்காற்றில் சில வருஷங்களில் உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் நாள்படத் தாங்கும். புதிதாக வாங்குகிறவர்கள் பில் கேட்டு வாங்க வேண்டும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலோ வேலை பார்க்கும் மாவட்டத்திலோ புகார் கொடுக்கலாம்.

பீரோ மேல் வேண்டாம்

நல்ல ஸ்பீக்கரை வாங்கிவந்து இரும்புப் பீரோவின் மேல் ஏற்றிவிட்டால் காசு வீண். பீரோவும் சேர்ந்து பாடும். உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு ட்வீட்டர் இருக்க வேண்டும். பாயில் உட்கார்ந்து கேட்கும் வீட்டில் உயரம் குறைந்த ஸ்டூல் போதும். இரண்டு பெட்டிக்கும் இடையே நாலைந்து அடி விட்டு, அதே தூரத்தில் உட்கார வேண்டும். பின்னால் துவாரம் உள்ள பெட்டியாக இருந்தால் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வைக்க வேண்டும். மூலையில் ஒட்டி வைத்தால் பூம் ஓசை கூடிவிடும். இதற்கெல்லாம் செலவு ஒன்றும் இல்லை.

"வீட்டு விசேஷத்துக்குப் பெரிய பெட்டி வேண்டாமா? பொங்கல் விழாவுக்கு என்ன செய்வது?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வாடகை செட் இருக்கிறது. வருஷத்தில் மூன்று நாள் விசேஷத்துக்காக, மீதி 362 நாளும் காதை வருத்திக்கொள்வது என்ன கணக்கு?

"ஸ்பீக்கரே எதற்கு? ஆளுக்கு ஒரு இயர்போன் போதாதா?" என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. இயர்போனில் கேட்கும் பாட்டு கேட்பவரோடு முடிந்துவிடுகிறது. ஒரே அறையில் நாலு பேர் நாலு பாட்டைக் கேட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் பேச்சில்லாமல் இருப்பதற்கா ஊரை விட்டு வந்து இங்கே குடும்பம் நடத்துவது? அம்மா அடுப்படியில் கேட்கும் அதே பாட்டு பிள்ளையின் காதிலும் விழ வேண்டும். "இந்தச் சொல்லுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று அது கேட்க வேண்டும்.

சால் வீட்டில் அடுத்த குடும்பத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சட்டம் இருக்கட்டும். ராத்திரி டூட்டி முடிந்து வந்து பகலில் தூங்குகிறவர் எத்தனையோ பேர்! பூம் ஓசை சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அளவான சத்தத்தில் கேட்கும் பேச்சும் பாட்டும் பெரும்பாலும் அறையோடு நின்றுவிடும். வெளியூரில் பிழைக்க வந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணம் எந்த ஸ்பீக்கரையும்விடப் பெரிது.

இந்தத் தசராவுக்கு லேமிங்டன் ரோடு போகிறவர்கள் "எத்தனை வாட்?" என்று கேட்க வேண்டாம். "கொஞ்சம் பேச்சுப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்குத் தயங்கும் கடையில் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை.