நாய் வளர்க்க மனநோய்ச் சீட்டா?

அணுசக்தி நகரை அடுத்த கட்டடம் ஒன்றில் நம் தமிழ் அம்மா ஒருவர் தனியாக வாழ்கிறார். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். துணைக்கு ஒரு நாய்தான். "நாயை அனுப்பிவிடுங்கள், இல்லையேல் மனநல மருத்துவரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி வாருங்கள்" என்றது சொசைட்டி கமிட்டி. இணையத்தில் பணம் கட்டினால் அந்தச் சீட்டு கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அம்மா வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். நாம் தடுத்தோம்.

ஏன்? அது அமெரிக்கச் சரக்கு. அங்கே வீட்டுவசதிச் சட்டத்தில் 1988-ல் ஊனமுற்றோருக்குப் பாதுகாப்பு சேர்த்தார்கள். மனநோயாளி தன் துணைப் பிராணியோடு வாடகை வீட்டில் இருக்க மருத்துவர் கடிதம் காட்டும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. கடிதம் விற்கும் கடைகளும் முளைத்தன. நம் நாட்டிலோ அந்தச் சீட்டுக்கு எந்தச் சட்டமும் வீட்டுரிமை தரவில்லை.

தேவையும் இல்லை! ருக்மிணி தேவி அருண்டேல் பாடுபட்டு வந்த 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின்கீழ் அமைந்தது விலங்குகள் நல வாரியம். பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் சொசைட்டி வளர்ப்புப் பிராணியைத் தடை செய்ய முடியாது, குரைப்பதும் அதற்குக் காரணமாகாது என்று அதன் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. வளர்ப்பவருக்கும் கடமை உண்டு: தடுப்பூசி, மாநகராட்சி லைசன்ஸ், கழுத்தில் வார், அசுத்தத்தை அள்ளுதல். பக்கத்து வீட்டுக் குழந்தை பயப்படுகிறதா? நேரம் பேசி வைத்துக்கொள்ளலாமே!

எமர்ஜென்சியில், 1976 மே 17 அன்று, இந்த நகருக்கு அருகிலிருந்த ஜனதா காலனியை இடித்து, நம்மவர் உள்ளிட்ட பல்லாயிரம் பேரைச் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளினார்கள். ஜோக்கின் அற்புதம் தலைமையில் மக்கள் போராடிய வரலாறு அது. "வீட்டை விட்டுப் போ" என்ற சொல்லின் வலி நமக்குத் தெரியும். இன்று கமிட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நம்மவரே அதைச் சொல்லலாமா?

மனம் நொந்தவர்கள் மருத்துவரிடம் போகட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. 2022-ல் தொடங்கிய அரசின் டெலி மானஸ், 14416 என்ற எண்ணில், தமிழிலும் இலவசமாகப் பேசுகிறது. நோயாளியின் விவரம் ரகசியம் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். மருத்துவரிடம் போவது மனம் ஆற. கமிட்டியிடம் காட்ட அல்ல.

அடுத்த பொதுக்குழுவுக்கு வாரியத்தின் வழிகாட்டுதல் நகலோடு அம்மாவுடன் நாம் போகிறோம். உங்கள் கட்டடத்திலும் இப்படி நடந்தால் வளையலைக் கழற்றாதீர்கள், சங்கத்துக்கு வாருங்கள்.