ஊராய்வு ஊரார்க்குத் தெரிய வேண்டாவா?

விழுப்புரம் மாவட்டத்தில் இருவேல்பட்டு என்றொரு சிற்றூர் உண்டு. அப்பகுதி தென்னார்க்காட்டு மாவட்டமாக இருந்த 1916ஆம் ஆண்டிலேயே அவ்வூர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப் பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட்டு சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர், தம் மாணவர்களை ஊர்களுக்கு விடுத்து, நிலம், கூலி, கடன், வீட்டுச் செலவு முதலியவற்றைக் கேட்டெழுதி வரச் செய்தார். அவற்றைத் தொகுத்து 1918இல் நூலாக்கினார். 1940இல் அவ்வூர்களைப் பற்றிய மறு ஆய்வு நூல் வெளிவந்தது. 1981இலும் 2008இலும் வேறு அறிஞர்கள் இருவேல்பட்டுக்குச் சென்று ஆய்ந்தனர். அவ்வாய்வுகள் மும்பைக் கிழமையிதழ் ஒன்றில் வெளிவந்தன. ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரு தமிழூர் இவ்வாறு அளக்கப்பட்டிருக்கின்றது. வேறெந்தச் சிற்றூர்க்கு இந்தப் பேறு கிட்டும்? ஆயின் அவ்வளவும் ஆங்கிலத்தில்! கேட்டது தமிழில், விடை வந்தது தமிழில், எழுதியது மட்டும் ஆங்கிலத்தில். தம் பாட்டனார் வாங்கிய கூலி எவ்வளவு என்பதை அவ்வூர் இளைஞர் அறிய வேண்டுமாயின் ஆங்கிலம் கற்றுத்தான் அறிய வேண்டும்.

(இச் சிலேட்டரே 1924இல் இந்திய நாகரிகத்தில் திராவிடக் கூறு பற்றி ஒரு நூல் எழுதினார். நம்மவருள் சிலர் அதனை அறிவர். அவர்தம் ஊராய்வு நூலை அறிந்தார் எத்துணைப் பேர்?)

வெள்ளையன் தன் ஆட்சியில் தன் மொழியில் எழுதுவித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இற்றை நிலை யாது? ஊரக வளர்ச்சி ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை விடுக்கும் நம் இளம் ஆய்வாளர் என்ன செய்கின்றார் என்று பாருங்கள். முதலில் வினாநிரலை ஆங்கிலத்தில் அமைக்கின்றார். அதனைத் தமிழாக்கி ஊர்க்கு எடுத்துச் செல்கின்றார். உழவர் தமிழில் சொன்ன விடையை மீண்டும் ஆங்கிலமாக்கிக் குறியெண் இட்டுக் கணிப்பொறியில் ஏற்றுகின்றார். பின்னர்த் தலைப்பு, இருநூறு சொல்லளவில் ஒரு சுருக்கம், ஐந்தாறு குறிச்சொற்கள், முன்னாய்வுகளின் மதிப்பீடு, ஆய்வுமுறை, முடிபுகள் என இதழ் விதித்த வரிசையில் எழுதுகின்றார். தம் பெயரும் கல்லூரியின் பெயரும் கட்டுரையில் எங்கும் தென்படாவாறு நீக்குகின்றார். எழுதியவர் யாரென மதிப்பிடுவார்க்கும், மதிப்பிடுவார் யாரென எழுதியவர்க்கும் தெரிதலாகாது என்பது இவ்விதழ்கள் பலவற்றின் நெறி. நல்ல நெறியே, சாதியும் பரிந்துரையும் உள்நுழையாமற் காப்பது. அதனை நாம் குறை கூறவில்லை. திங்கள் பல கழிந்து மதிப்பீட்டாளரின் வினாக்கள் வருகின்றன, திருத்துகின்றார், மீண்டும் விடுக்கின்றார், ஒருநாள் கட்டுரை அச்சேறுகின்றது. இத்துணை நெடிய வழியில், ஆய்வுக்குட்பட்ட ஊரார் ஒருவரேனும் அதனைப் படித்து, 'தம்பி, இவ்விடம் பிழை' என்று சொல்லுதற்கு ஓரிடமேனும் உண்டா? யாண்டும் இல்லை. அயல்நாட்டில் அமர்ந்திருக்கும் மதிப்பீட்டாளர் புள்ளியியற் பிழையைக் காண்பார்; மடைப்பிழையை அவர் யாங்ஙனம் காண்பார்?

பிழை நேர்வது பெரும்பாலும் சொல்லில்தான். ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி ஆகிய அனைத்தையும் ஆங்கிலம் 'டேங்க்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிடும். வீட்டு மாடியில் உள்ள நீர்த்தொட்டிக்கும் அதே சொல்தான்! தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். அவற்றுள் கண்மாய் என்று பாண்டிநாட்டார் வழங்குவது வயலுக்குப் பாய்வது. ஊருணியோ ஊரார் உண்ணும் நீருக்கென்று அமைந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிப் பாசனப் பரப்பைக் கணக்கிட்டால், ஊருணி ஒருகாணி நிலத்திற்கும் உதவாத வெற்றுப் பள்ளமாகவே பட்டியலில் தோன்றும். அப்பட்டியலைப் படிக்கும் அதிகாரி அதனைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பலாம் என்று குறிப்பெழுதினால், பழி எவரைச் சாரும்?

நிலத்திலும் இவ்வாறே. குத்தகை வேறு; வாரம் வேறு. குத்தகையாயின் விளைந்தாலும் விளையாவிடினும் பேசிய அளவைக் கொடுத்தாக வேண்டும். வாரமாயின் விளைந்ததிற் பங்கு. மழை பொய்த்தால் கேடு இருவரையும் சாரும். வினாநிரலில் 'பிறர் நிலத்தை உழுகின்றீரா? ஆம், இல்லை' என்று ஒரே கட்டம் மட்டும் இருப்பின், கேட்டைத் தனியே சுமப்பவனும் பகிர்ந்து சுமப்பவனும் அக்கட்டத்திற்குள் ஒருவனாகிப் போகின்றனர். உழவர்கடன் எவ்வாறு பெருகிற்று என்று ஆராயும் கட்டுரைக்கு இவ்வேறுபாடன்றோ உயிர்!

'ஆங்கிலத்தில் எழுதினாலன்றோ உலகம் படிக்கும்?' என்பர். படிக்கட்டும், யார் தடுத்தார்? பிரேசில் நாட்டு ஊரகப் பொருளியல் ஆய்விதழ் போர்த்துக்கீச மொழியிற் கட்டுரைகளை வெளியிட்டு, ஆங்கிலத்திற் சுருக்கம் இணைக்கின்றது. அவர்தம் அறிவு அதனாற் குறைந்துவிட்டதா? 2019இல் எல்சிங்கி நகரின் பெயரால் வெளிவந்த பன்மொழி ஆய்வு முன்முயற்சி, அவ்வந் நாட்டு மொழிகளில் ஆய்வு வெளிவருதலைக் காத்தல் வேண்டும் என்றே கூறிற்று. 'பணிக்கு ஆங்கிலக் கட்டுரை வேண்டுமே' என்று இளைஞர் கேட்பது வேறு. அது மெய்யான இடர்ப்பாடு. முனைவர் பட்டத்திற்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்னும் கட்டாயத்தைப் பல்கலைக்கழக நல்கைக் குழு 2022இல் நீக்கியது. எனினும் பணித்தேர்விலும் பணியுயர்விலும் கட்டுரைகளின் எண்ணிக்கை இன்றும் பேசுகின்றது. அவ்விளைஞரை இகழ்வதால் தமிழுக்கு ஆவதொன்றில்லை.

ஆகலின் நாம் கேட்பது இதுவே. வினாநிரலை முதலில் தமிழில் அமையுங்கள். ஊர்ச் சொற்களை ஊரில் கேட்டறிந்து அமையுங்கள். கட்டுரையின் முதற்படியைத் தமிழில் எழுதுங்கள். அதனை ஊரவையில் படித்துக் காட்டுங்கள். சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 முதலிய அது கூடும் நாள்கள் யாவரும் அறிந்தவையே. அங்கே கிடைக்கும் திருத்தங்களை ஏற்ற பின்னர் ஆங்கிலத்திற்குச் செல்லுங்கள். அவ்வாங்கிலப் படியிலும் கண்மாயைக் கண்மாய் என்றே எழுதி, ஒருமுறை விளக்கம் தாருங்கள். ஏரிப்பாசன ஆய்வுகள் சில 'நீர்க்கட்டி' என்னும் சொல்லை அவ்வாறே ஆண்டுள்ளன. அதனால் எந்த இதழும் கவிழ்ந்துவிடவில்லை.

ஈரிடத்தில் வெளியிடுவது குற்றமாகாதா என்னும் அச்சம் எழலாம். மறைத்தாற்றான் குற்றம். தமிழ்ப்படி ஒன்று உண்டென்பதை விடுப்பு மடலிலேயே இதழாசிரியர்க்கு எழுதிவிடுக. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறியிலேயே, இரண்டு இதழாசிரியர்களும் ஒப்பி, முதல் வெளியீடு எதுவெனக் குறிப்பிடப்படின், வேறு மொழியில் வெளியிடலாம் என்றுள்ளது. மருத்துவத்திற்கு ஒத்தது ஊரக ஆய்வுக்கு ஒவ்வாதோ?

நம்மையும் நாம் கடிந்துகொள்ள வேண்டும். தமிழில் எழுதினால் சான்று வேண்டா, அளவை வேண்டா, உணர்ச்சி போதும் என்று எண்ணுவார் நம்மிடையே உளர். எத்தனை வீடுகளில் கேட்டோம், எம்முறையில் அவ்வீடுகளைத் தேர்ந்தோம் என்பதைச் சொல்லாத கட்டுரை தனித்தமிழில் இருப்பினும் ஆய்வாகாது. 'குடிமராமத்து' என்பதில் 'மராமத்து' அரபுச்சொல் என்று கண்டு நீக்குவதோடு நம் பணி முடிந்துவிடவில்லை. ஏரியைச் செப்பனிட ஊரார் எத்தனை நாள் உழைத்தனர், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கணக்கெடுத்து எழுதுவார் வேண்டும்.

தொடக்கமாக, 1918ஆம் ஆண்டு நூலில் இருவேல்பட்டைப் பற்றியுள்ள பகுதியைத் தமிழாக்கலாம். கல்லூரி மாணவர் இருவர் விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை அது. முடித்ததும் அதன் முதற்படியை அவ்வூர் நூலகத்திலேயே வைக்க வேண்டும்.