மழை வந்தாலும் வருவீங்களா, சாமி?



"மழை வந்தாலும் வருவீங்களா, சாமி?"

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து விடியற்காலை ஒன்றில், கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. பஞ்சாலை ஒன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். அவரும் நண்பர் அறுவரும் நாள்தோறும் கூடி நடக்கும் குழுவில் நாம் சேர்ந்து அப்போது மூன்று நாட்களே ஆகியிருந்தன. வருவதாகத் தலையசைத்தோம்.

மறுநாள் மழை பெய்தது. நாம் போகவில்லை. சன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தோம். இயற்கையே நமக்கு விடுமுறை அளித்துவிட்டதாக எண்ணிப் போர்வைக்குள் புகுந்துகொண்டோம். அடுத்த நாள் சென்றபோது ஒருவரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பெரியவர் மட்டும், "நேத்து தூறல்லயே ரெண்டு சுத்துப் போனோங்க சாமி. உங்களுக்காகப் பத்து நிமிசம் நின்னு பார்த்தோமுங்க" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகவே சொன்னார். ஆயினும் ஏழு பேர் நமக்காக மழையில் நின்றார்கள் என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. அன்றிலிருந்து, நோயுற்ற நாட்களும் வெளியூர் சென்ற நாட்களும் நீங்கலாக, நாம் போகாதிருந்ததில்லை.

நாம் நடக்கத் தொடங்கியதற்குக் காரணம் பெரும் வைராக்கியம் எதுவுமன்று. இரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்த ஓர் எண்ணே காரணம். பங்கில் வீடு சந்திக்கச் சென்றால் வீட்டுக்கு வீடு காப்பி. புதுமனை மந்திரித்தால் பலகாரம். திருவிழா என்றால் விருந்து. அன்போடு கொடுப்பதை மறுக்க மனம் வராது. நடந்து போகக்கூடிய தூரத்துக்கும் இருசக்கர வாகனம். ஐம்பது வயதைக் கடந்ததும் சர்க்கரை நோய் வந்து கதவைத் தட்டியதில் வியப்பென்ன!

குருமடத்தில் படித்த நாட்களில் நமக்கு இக்குறை இருந்ததில்லை. மாலையில் மணி அடிக்கும். எல்லோரும் மைதானத்தில் இறங்கியாக வேண்டும். பந்தை உதைக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பாகுபாடு கிடையாது. மழை பெய்தால் சேற்றில் ஆட்டம்; வெயில் அடித்தால் புழுதியில் ஆட்டம். நம்மை ஓட வைத்தது நம் மன உறுதி என்றே அந்நாளில் எண்ணியிருந்தோம். குருப்பட்டம் பெற்று வெளியே வந்தோம், மணியும் இல்லை, கூட ஆடிய தோழர்களும் இல்லை, ஓட்டமும் நின்றுபோயிற்று. அப்போதுதான் உண்மை விளங்கியது. நம்மை ஓட வைத்தவர்கள் கூட இருந்தவர்களே.

நம் கொங்கு நாட்டின் கதையும் இத்தகையதே. ஒரு காலத்தில் இங்கே உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. கவலை இறைத்த உழவர், மாடுகளோடு சரிவில் இறங்கியும் பின்னோக்கி ஏறியும் நாளெல்லாம் நடந்தார். களையெடுப்பும் அறுவடையும் கூட்டாகவே நடந்தன. வெயிலென்றும் காற்றென்றும் பாராமல் ஒருவர் பாட, மற்றவர் வேலை செய்தனர். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் வந்தது, கோவையில் செய்த மோட்டார்கள் கிணறுதோறும் இறங்கின. பெருஞ்சுமை நீங்கியது, அதற்காக நன்றி கூற வேண்டும். இன்றோ கைப்பேசியைத் தொட்டால் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது. உடல் உழைப்பு குறைந்தது. கூடி உழைத்த கூட்டமும் உடன் கலைந்தது.

உழைக்கும் உடலுக்கும் உட்கார்ந்திருக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவ உலகம் 1953இலேயே கண்டது. இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை ஜெர்ரி மோரிஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். நாள் முழுதும் அமர்ந்து வண்டி ஓட்டியவர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனமோ வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாட்கள் நடந்தாலே போதும். இது தெரியாதவர் யார்? தெரிந்தும் செய்யாதவர்களே நம்மில் பலர்.

வெள்ளையர் காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த இடம் ரேஸ்கோர்ஸ். இன்று குதிரை பெயரில் மட்டுமே உள்ளது. மனிதர்களே சுற்றி வருகிறார்கள். ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். மார்கழியில் குல்லாயும் கம்பளியுமாக வருகிறார்கள். சித்திரையில் வெயிலுக்கு முந்தி, இருள் பிரியுமுன்னரே வந்துவிடுகிறார்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று எதிர்நின்று தள்ளுகிறது. அப்போது வலுவுள்ளவர் முன்னே நடக்க, மற்றவர் அவர் மறைவில் நடக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இந்தப் பருவங்கள் அனைத்தையும் தனியொருவன் தன் மன உறுதியால் மட்டும் கடப்பது அரிது. தெரு முனையில் ஒருவர் காத்து நிற்கிறார் என்று அறிந்தால், கால்கள் தாமே காலணியைத் தேடுகின்றன.

இவ்வுண்மையைப் பிற நாட்டவரும் கண்டிருக்கிறார்கள். ஜப்பானில் வானொலியின் இசைக்கு ஏற்பக் கூட்டமாக உடற்பயிற்சி செய்யும் வழக்கம் 1928இல் தோன்றியது. இன்றும் அங்கே காலை 6.30 மணிக்கு முதியோர் பூங்காக்களில் கூடிக் கைகால்களை அசைக்கிறார்கள். 2004ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், இலண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் கூடி ஓடினார்கள். அதுவே 'பார்க்ரன்' என்னும் இயக்கமாகப் பல நாடுகளுக்குப் பரவியது. சனிக்கிழமைதோறும் 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, ஓடலாம், நடக்கலாம். அதில் ஒரு வழக்கம் நம் உள்ளத்தைத் தொட்டது. தொண்டர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து, கடைசியாகவே எல்லையை அடைவார். ஆகவே எவ்வளவு மெதுவாக நடப்பவரும் கடைசி ஆள் ஆவதில்லை. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஓர் ஆட்டைத் தேடிச் சென்ற ஆயனின் பிள்ளைகளாகிய நமக்கு இவ்வழக்கம் புதிதாகத் தோன்றாது.

நம் குழுவிலும் பின்தங்கிய ஒருவரைத் தேடிச் செல்லும் நாள் வந்தது.

நம்மைக் கேள்வி கேட்ட அதே பெரியவரின் மனைவியார் இறைவனடி சேர்ந்தார். அவருக்கும் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. பிள்ளைகள் அயல்நாட்டில் வசிப்பவர்கள். வந்தார்கள், காரியங்கள் முடிந்ததும் சென்றார்கள். பெரியவர் நடக்க வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் பொறுத்தோம். பின்னர் ஒரு நாள், வழக்கமான பாதையை விட்டு, குழுவினர் அனைவரும் அவர் வீட்டு வாசலுக்கே நடந்தோம். அன்றும் தூறல். அவர் கதவைத் திறந்து திகைத்து நின்றார். "மழை வந்தாலும் வருவீங்களா, ஐயா?" என்று நாம் கேட்டோம்.

அவர் உடனே வந்துவிடவில்லை. திண்ணையில் அமர்ந்து சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "முப்பது வருசமா நான் நடக்குறேனுங்க சாமி. நான் திரும்பி வர்றப்போ அவ காப்பியோட நிப்பா. அவளுக்குந்தான் சர்க்கரை. ஒரு நாளும் நீயும் வான்னு நான் கூப்புட்டதில்லீங்க."

நாம் என்ன மறுமொழி கூற முடியும்? ஆறுதல் மொழிகள் பல நமக்குக் குருமடத்தில் கற்பிக்கப்பட்டவைதாம். அவற்றில் ஒன்றும் அப்போது நாவில் வரவில்லை. அவர் அருகில் அமர்ந்திருந்தோம். அவர் காலணியை அணிந்துகொள்ளும் வரை அனைவரும் காத்திருந்தனர். அன்று ஒரு சுற்று மட்டும், அவருடைய வேகத்தில் நடந்தோம்.

அன்பர்களே, அந்தத் திண்ணையில் கேட்ட சொல் நம்மை இன்னும் உறுத்துகிறது. அது அவர் ஒருவரின் குறை மட்டுமன்று. விடியற்காலையில் கணவர் நலம் பேணப் புறப்படுகிறார்; மனைவி அடுப்படிக்குப் போகிறார். இட்லிப் பானையும் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவும் காத்திருக்கின்றன. வீட்டு வேலையே அவளுக்கு உடற்பயிற்சி என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்கிறோம். 2024இல் 'லான்செட்' குழும மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினருக்கும், ஆண்களில் 42 விழுக்காட்டினருக்கும் போதிய உடலசைவு இல்லை. இந்த இடைவெளி எங்கே பிறக்கிறது? நம் சமையலறை வாசலில்தான் என்று நாம் அஞ்சுகிறோம்.

மாற்றுவழிக்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. கொங்கு மண்ணின் வள்ளிக் கும்மியைப் பாருங்கள். முருகனும் வள்ளியும் மணந்த கதையைப் பாடி, திறந்த வெளியில், வட்டமாக நின்று, அடி மாறாமல் ஆடும் கலை அது. பாட்டின் வேகம் ஏற ஏற வியர்வை வழியும். ஆயினும் தனியாக ஒருவர் நிற்கத் துணியமாட்டார். ஒரு காலத்தில் ஆண்களே ஆடிய இக்கலையைப் பெண்களுக்கும் கற்பித்தவர், மேட்டுப்பாளையம் வட்டாரத்தைச் சேர்ந்த பத்ரப்பன் அவர்கள். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று ஊர்தோறும் மாலை வேளைகளில் பாட்டியும் மருமகளும் பேத்தியும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். நடைப்பயிற்சிக்கு வரக் கூச்சப்படும் பெண்மணியும் கும்மிக்கு வருகிறார். கதை எதுவாயினும், கூடி நின்று காலெடுத்து வைக்கும் முறை இந்த மண்ணில் பிறந்த அனைவருக்கும் பொதுச் சொத்தன்றோ!

நம் பங்கிலும் சிறிய அளவில் ஒன்று தொடங்கியிருக்கிறோம். மாலை 5.30க்குக் கோவில் மணி ஒருமுறை ஒலிக்கும். மைதானத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடை. பின்னர் கைகால் அசைவுகள். அடுப்படி வேலை காலையில் நெருக்குவதால் மாலையைத் தேர்ந்தவர்கள் தாய்மார்களே. தூறலானால் நடை தொடரும். பெருமழையானால் மண்டபத்துத் தாழ்வாரத்தில் நடப்போம். எந்த நாளிலும் "இன்று இல்லை" என்ற சொல் மட்டும் இல்லை. கடைசியாக வருபவருக்குத் துணையாக ஒருவர் முறைவைத்துப் பின்னால் நடக்கிறார்.

இதில் அறிந்துகொண்ட சில செய்திகளை உங்களோடு பகிர்கிறோம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட மூச்சு இடம் தரக்கூடாது. அதுவே மிதமான வேகத்தின் அளவு. துணையோடு பேசிக்கொண்டு நடப்பவருக்கு வேறு கருவி வேண்டாம். இடி மின்னல் கண்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்லுங்கள். கோடையில் கதிரவன் ஏறுமுன் முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உடன் இருக்கட்டும். சர்க்கரைக்கு மருந்து உண்பவர்கள் சட்டைப்பையில் இனிப்பு ஒன்றை வைத்திருங்கள். உடல் நடுங்கி வியர்த்தால் உடனே உண்ணுங்கள். ஈரக் காலணியைக் கழற்றியதும் விரல் இடுக்குகளைத் துடைத்து, பாதத்தில் புண் உண்டா என்று பாருங்கள். நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினால் நின்றுவிடுங்கள். வீரம் காட்ட வேண்டாம், மருத்துவரிடம் விரையுங்கள். அறுபத்தைந்தைக் கடந்தவர்கள் கீழே விழாதிருக்க, உடலைச் சமநிலையில் நிறுத்தும் பயிற்சியையும் வாரத்தில் மூன்று நாள் செய்வது நலம்.

உடலைப் பேணுவது உலகப் பற்று என்று எண்ணுவோர் இன்னும் சிலர் உண்டு. நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கற்பித்தார். திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் குருவாயிருந்த காலத்தில், 1889இல், மோன்ட்டே ரோசா என்னும் பனிமலையைத் துணைவர்களோடு ஏறிக் கடந்தார். நமக்கு அத்தகைய மலை எதுவும் வேண்டாம். ரேஸ்கோர்ஸின் ஒரு சுற்றோ, கோவில் மைதானத்தின் பத்துச் சுற்றுகளோ போதும்.

பெரியவர் இப்போது மீண்டும் நாள்தோறும் வருகிறார். புதிதாக யார் சேர்ந்தாலும் பழைய கேள்வியையே கேட்கிறார். ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. "வீட்டம்மா வரலீங்களா?" என்று இன்னொன்றும் கேட்கிறார். அதற்குப் பின் தலைகுனிந்து நிற்கும் ஆண்கள் பலரை நாம் கண்டிருக்கிறோம். அடுத்த வாரம் மனைவியோடு வந்து நின்ற சிலரையும் கண்டிருக்கிறோம்.

நாளை விடியற்காலையில் நீங்கள் புறப்படும்போது, வாசலில் உங்கள் காலணி மட்டும் இருக்கிறதா, இன்னோர் இணையும் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். இல்லையெனில், அன்றைய காப்பியை நீங்களே கலந்து, இருவருமாகக் குடித்துவிட்டு, மெதுவாகப் புறப்படுங்கள். மழையானால் என்ன? குடை ஒன்று இருவருக்குப் போதும்.