ஞானதிருஷ்டிப் புரட்டு

டெலிவிஷன் தொடர்களில் கதாநாயகிக்கு ஞானதிருஷ்டி வருகிறதாம். வரப்போகும் ஆபத்தெல்லாம் கண்ணில் தெரிகிறதாம்! கதைதானே என்று விட்டுவிடலாம். ஆனால், அதை நம்பிப் புளியந்தோப்புத் தொழிலாளி தன் கூலிக்காசைக் குறிசொல்லுகிறவனிடம் கொட்டுவதையே நாம் கண்டிக்கின்றோம்.

2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா அருகே பூகம்பம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்தே கடல் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கரைகளில் ஏறிற்று. அவ்வளவு நேரமும் எந்த ஞானதிருஷ்டிக்காரன் வாய் திறந்தான்? இன்று எச்சரிப்பது 2007-ல் ஐதராபாத்தில் ஏற்பட்ட சுனாமி எச்சரிக்கை நிலையமேயன்றி எந்தச் சாமியாடியுமல்ல.

மூடி முத்திரையிட்ட உறைக்குள்ளிருக்கும் நோட்டின் நம்பரைச் சொன்னால்கூட லட்ச ரூபாய் தருவதாக 1963-ல் கொழும்பில் ஆபிரகாம் கோவூர் சவால் விட்டார். 1978-ல் அவர் இறக்கும்வரை ஒருவனும் அதைப் பெறவில்லை. உறைக்குள் இருக்கும் நோட்டைக் காணாதவனா உங்கள் நாளையைக் காண்பான்? தோழர்களே, யோசியுங்கள்!