கல்யாண வீட்டில் உங்கள் சின்ன கேமராவுக்கு ஒரு வேலை இருக்கிறது



தை பிறந்தாலே எனக்கு இரண்டு விதமான செய்திகள் வரும். ஒன்று கல்யாணப் பத்திரிகை. இன்னொன்று, "சார், வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையும் போட்டோ எடுக்கச் சொல்றாங்க. என்கிட்ட சாதா கேமராவும் அதோட வந்த லென்சும்தான் இருக்கு. எடுக்கலாமா?" என்ற கேள்வி. ஆளாளுக்குத் தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

தாராளமாக எடுக்கலாம். ஆனால் காசு கொடுத்து அமர்த்திய போட்டோகிராபர் எடுக்கும் படத்தையே நீங்களும் எடுக்கப் போகாதீர்கள். அவர் எடுக்காமல் விடுவதை எடுங்கள். இதுதான் என் கருத்து.

காரணம் சொல்கிறேன். நம் வீட்டுச் சுவர்களில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். பாட்டி போன அன்று அவசரமாகப் படம் தேடுவோம். தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. கடைசியில் யாருடைய கல்யாண குரூப் போட்டோவிலிருந்தோ முகத்தை மட்டும் பிரித்து, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவருவோம். அதனால் கல்யாணத்தில் யார் படத்தில் விழுகிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

மேடை ஏறாதவர்கள் என்ன ஆவார்கள்? மொய் நோட்டை விட்டு எழுந்திருக்கவே முடியாத மாமா, பந்தியில் இலை போட்டுக்கொண்டே இருக்கும் சித்தப்பா, கோட்டை அடுப்பு முன்னால் வேர்த்துக் கொட்டும் சமையல்காரர், நாயனக்காரர். இவர்களைவிட முக்கியமாக, கணவரை இழந்துவிட்டதால் "நான் எதுக்குப்பா அங்க" என்று தூணோரம் நின்றுவிடும் அத்தை. அவரை ஒதுக்கி நிற்க வைக்கும் வழக்கம் தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஊர் வழக்கத்தை ஒரே நாளில் மாற்ற உங்களால் முடியாமல் போகலாம். கேமராவோடு அத்தையிடம் போக யாரும் தடை சொல்ல மாட்டார்கள். அமர்த்திய போட்டோகிராபருக்கு அவர் யாரென்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இனி கருவி. பத்தாம் வகுப்பு ஒளியியல் இங்கேதான் உதவும்.

கேமராவோடு வரும் 18-55 லென்சை முழுக்க ஜூம் செய்தால் துளை 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். பழைய 50 மி.மீ. 1.8 லென்ஸ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கினால், அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கிடைக்கவில்லையா? ஜூமை விட்டுவிட்டு நீங்களே நாலு அடி முன்னால் போங்கள். செல்போனுக்கும் இதே விதிதான்.

கேமராவோடு ஒட்டியிருக்கும் சின்ன ஃபிளாஷை நம்பாதீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும் என்று படித்தோமே, அது மண்டபத்திலும் மாறாது. கிட்டே இருக்கும் பட்டுச்சரிகை பளபளக்கும், பின்னால் இருப்பவர்கள் இருட்டில் மறைவார்கள். அதற்குப் பதில் ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை ஏற்றுங்கள். படம் கொஞ்சம் பொரிபொரியாக வரும், பரவாயில்லை. அசைந்து கலங்கிய முகத்தைத்தான் பிறகு சரிசெய்ய முடியாது.

மண்டப விளக்கில் படத்தில் கோடுகோடாக விழுந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும்.

தாலி கட்டும் நேரத்தில் மேடையில் முட்டி மோதாதீர்கள். அந்தப் படத்துக்காகத்தான் ஒருவர் கூலி வாங்கியிருக்கிறார், அது அவர் பிழைப்பு. கெட்டிமேளம் கேட்டதும் நீங்கள் திரும்பி, கூட்டத்தைப் பாருங்கள். அட்சதை போடும் கைகள், கண்ணைத் துடைக்கும் பெண்ணின் அப்பா. அந்த அரை நிமிடத்தில் அவர் முகத்தைப் பார்க்க ஆள் இருக்காது.

கையில் பணமில்லாத வீட்டில் உங்களை மட்டுமே நம்பினால்? கோயிலில் நடக்கும் சின்னக் கல்யாணம் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். போட்டோவுக்காக வட்டிக்கு வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். கோயிலில் எங்கே எடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உங்களால் எது முடியும், எது முடியாது என்பதைப் பெண் வீட்டாரிடம் முதலிலேயே சொல்லுங்கள். யார் யார் கட்டாயம் படத்தில் இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூடுதலாக ஒரு பேட்டரி, ஒரு மெமரி கார்டு வேண்டும். அன்று இரவே இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். கம்ப்யூட்டரில் போட்டு நம் பிள்ளைகளின் நிறத்தை வெளுக்காதீர்கள். கறுத்த பெண் கறுத்த பெண்ணாகவே அழகாகத் தெரியட்டும். பேரன் பேத்திகள் பார்க்கும்போது அது அவர்கள் பாட்டியின் முகமாக இருக்க வேண்டாமா?

120 ஃபிலிம் காலத்தில் சதுரப் படம் ஒரு சுருளுக்கு 12தான். ஆனாலும் அவற்றில் பல இன்றும் டிரங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. இன்று ஆயிரம் எடுக்கிறோம். போன் தொலைந்தால் எல்லாம் போச்சு. முப்பது படமாவது பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதுங்கள்.

முதல் பிரதியை அந்த அத்தையிடம் நேரில் போய்க் கொடுங்கள். தபாலில் வேண்டாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். இப்போது மதிப்பெண் போடும் வேலை எனக்கு இல்லை.